உள்மடி

எனக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நான் தையல்காரி. மீனுக்கும் எனக்கும் உள்ள உறவு சாப்பாட்டுத் தட்டோட சரி. ஆனா என் கடைக்கும் வலைக்கார அக்காவோட கொட்டகைக்கும் நடுவில ஒரே ஒரு தகரத் தடுப்புதான். அந்தப் பக்கம் யாராவது தும்மினா இந்தப் பக்கம் என் தையல் கோணிக்கும். அதனால அந்த வீட்டு விஷயம் உனக்கு எப்படித் தெரியும்னு யாரும் என்னைக் கேட்க வேண்டாம். காது இருக்கு, தெரியும்.

எங்க துறையில மொத்தம் இருபத்திரண்டு படகு. இருபத்திரண்டுக்கும் வலை பின்னுறது, கிழிஞ்சா தைக்கிறது எல்லாம் அக்காதான். உத்தரத்தில வலையைத் தொங்க விட்டு, கால் கட்டைவிரல்ல நூலை மாட்டி இழுத்துப் பிடிச்சு, அக்கா ஊசி ஓட்டுற வேகத்தைப் பார்த்தா என் மிஷினே வெட்கப்படும். அந்த ஊசி மரத்தில செஞ்சது, கை அகலம் இருக்கும், அதுக்குள்ளேயே நூலைச் சுத்தி வச்சிருப்பாங்க. நூல் தீரத் தீர வேற ஊசி வேணும். அந்த ஊசிங்களுக்கு நூல் சுத்திக் குடுக்கிறது அவங்க மாப்பிள்ளை.

மாப்பிள்ளைன்னா தெருவுக்கே மாப்பிள்ளை. பெத்தவங்க இல்லாத பையன். பத்து வருஷத்துக்கு முன்னாடி ஐஸ் ஏத்துற வேலைக்கு வந்தான். ஒரு மத்தியானம் பசியில மயங்கி அக்கா கொட்டகை வாசல்ல உட்கார்ந்தான். அக்கா தட்டுல சோத்தைப் போட்டுக் குடுத்தாங்க. அன்னிக்கு உட்கார்ந்தவன்தான், எழுந்திருக்கவே இல்ல. அக்கா மகளையே கட்டிக்கிட்டான். கல்யாணம் முடிஞ்சு ஒரு வாரம் அக்கா அவனை "வாங்க மாப்பிள்ளை, சாப்பிடுங்க மாப்பிள்ளை"ன்னு மரியாதையாக் கூப்பிட்டுப் பார்த்தாங்க. ரெண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கல. எட்டாம் நாள் "டேய், சாப்பிட வாடா"ன்னு பழையபடி ஆயிடுச்சு. மகள் கோவிச்சுக்குவா. "அவருக்கு மீன் தலை, எனக்கு வாலா? யாரும்மா நீ பெத்த பிள்ளை?"ன்னு கேட்பா. அக்கா பதில் சொல்லாம இன்னொரு தலையை அவன் தட்டுலயே வைப்பாங்க.

அக்கா வீட்டுக்காரரை நான் மாமான்னுதான் கூப்பிடுவேன். ஊர்ல அவருக்கு ஒத்தைச்சொல்லுன்னு பேரு. ஒரு நாளைக்கு ஒரு வார்த்தைக்கு மேல பேசினா வாய் தேஞ்சிடும்னு பயம் போல.

அந்த மனுஷன் மூணு வருஷத்துக்கு முன்னாடி மீனவர் சங்கத்துல எழுந்து பத்து நிமிஷம் பேசினாரு. துறையே வாயைப் பொளந்துக்கிட்டுக் கேட்டுச்சு. அப்பவே கடல் காலியாக ஆரம்பிச்சிருந்தது. பெட்டிகள்ல பெருசு, நடுத்தரம், சிறுசுன்னு மீனைப் பிரிச்சுப் போடுவாங்க இல்லையா, முன்னாடி சிறுசுல போட்டதை எல்லாம் பெருசுல போட ஆரம்பிச்சிட்டாங்க. யாரும் வெட்கப்படக்கூட இல்ல, பழகிப் போச்சு. இறால் உரிக்கிற கொட்டகையை மூடினாங்க. அக்கா மகள் அங்கதான் வேலை பார்த்தா. ஐஸ் ஆலைக்காரன் ஜூஸ் கடைங்களுக்கு ஐஸ் போட ஆரம்பிச்சான். கடல் காக்கா எல்லாம் துறையை விட்டுட்டு ஊர்க் குப்பைமேட்டுக்குக் குடி போயிடுச்சு. மாமா அன்னிக்குச் சொன்னது இதுதான். "நாம குஞ்சைப் பிடிச்சுத் தின்னுட்டோம். அப்புறம் மீன் எங்கேர்ந்து வரும்?"

இழுக்கிற வலைக்கு வாய் அகலமா இருக்கும், போகப் போகக் குறுகி, கடைசியில ஒரு பை மாதிரி முடியும். அந்தப் பைக்கு மடின்னு பேரு. மீனெல்லாம் வந்து சேர்ற இடம். மடியோட ஒவ்வொரு கண்ணு ஓட்டைக்குள்ளயும் மூணு விரல் சுளுவாப் போகணும், அப்பதான் குஞ்சு தப்பிக்கும்னு சங்கத்துல தீர்மானம் போட்டாங்க. யார் விரல்ங்கிறதுல அரை நாள் சண்டை. சிலர் மடிக்குள்ள பொடிக் கண்ணு வலையில இன்னொரு பையைத் தைச்சு வச்சிடுவாங்க. வெளியிலேர்ந்து பார்த்தா தெரியாது. அதுதான் உள்மடி. கொசுகூடத் தப்பிக்காது. உள்மடி வச்சு மாட்டினா, மீன் முட்டை போடுற மூணு மாசமும் படகைக் கரையில ஏத்தி வைக்கணும். அதுவும் தீர்மானம்.

தீர்மானம் போட்டு முதல் மழை வர்றதுக்குள்ள, சாயங்கால நேரத்துல ஒவ்வொருத்தரா அக்கா கொட்டகைக்கு வந்தாங்க. "வலை கொஞ்சம் கிழிஞ்சிருக்கு"ன்னு ஆரம்பிப்பாங்க. அப்புறம் குரல் இறங்கும். "எல்லாரும் வைக்கிறான், நான் மட்டும் வைக்காம இருந்தா என் பிள்ளைங்க காத்தையா திங்கும்?" அக்கா முதல்ல மாட்டேன்னாங்க. அப்புறம் ஒருத்தருக்குத் தைச்சாங்க. ஒருத்தருக்குத் தைச்சதும் அடுத்தவனுக்கு மாட்டேன்னு எப்படிச் சொல்றது? நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். நானும் ஒண்ணும் யோக்கியம் இல்ல.

மாமாவுக்கு மட்டும் தெரியாது. அவர் மாப்பிள்ளையைக் கூட்டிக்கிட்டு மூணு விரல் மடியோட போவாரு, அரைக் கூடையோட வருவாரு. பக்கத்துப் படகுல ரெண்டு கூடை இறங்கும். "அவனுக்கு நேரம்"ம்பாரு, அவ்வளவுதான்.

இந்த வருஷம் காத்து மாறி, மீன் முட்டை போடுற காலம் நெருங்கின சமயம் மாப்பிள்ளை ஒரு நாள் சாப்பிட்டுக்கிட்டே சொன்னான். நான் மகளோட ரவிக்கையைப் பிரிச்சு விட அளவு எடுத்துக்கிட்டிருந்தேன். ஆறு மாசம் அவளுக்கு.

"அத்தை, அடுத்த வெள்ளிக்கிழமை நான் கிளம்பலாம்னு இருக்கேன்."

"எங்கடா?"

"ஆழ்கடல் கப்பலுக்கு. ஐஸ் ஆலையில இருந்தானே என் கூட்டாளி, அவன் கூப்பிடறான்."

அக்கா கரண்டியைப் போட்டுட்டாங்க. "குழம்புல உப்பு கூடிப் போச்சா?"

"அதில்ல அத்தை. ஒரு ஆள் தூக்குற கூடையை நானும் மாமாவும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுத் தூக்கிட்டு வரோம். பார்க்கிறவன் சிரிக்கிறான். அதுக்கு மாமா ஒருத்தர் போதும். பிள்ளை வரப்போகுது. நான் இங்க உட்கார்ந்து ஊசிக்கு நூல் சுத்திக்கிட்டிருந்தா ஆச்சா?"

"கப்பல்ல போனவன் எப்ப திரும்புவான்?"

"ஒரு வருஷம்... ஒண்ணரை வருஷம்கூட ஆகலாம்."

அக்கா எழுந்து கொட்டகைக்குப் போயிட்டாங்க. மகள் என்னைப் பார்த்தா. அவ கண்ணுல தண்ணி இல்ல. அவங்க ரெண்டு பேரும் முன்னாடியே பேசி முடிவு பண்ணியிருக்காங்கன்னு புரிஞ்சுது. பாவம், அம்மாகிட்ட சொல்றதுக்குத்தான் பயந்திருக்காங்க.

ஞாயித்துக்கிழமை யாரும் கடலுக்குப் போறதில்ல. மாமா படகுக்குத் தார் பூசப் போயிருந்தாரு. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஊசி ஓடுற சத்தம், சரக் சரக்குன்னு. ஞாயித்துக்கிழமை அக்கா ஊசி தொட மாட்டாங்களேன்னு எட்டிப் பார்த்தேன். மடிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. பொடிக் கண்ணு.

"யாருதுக்கா?"

"யாரோடதோ."

வலை ஓரத்துல மாமா கட்டுற நீலக் கயிறு எனக்குத் தெரியாதா? "அக்கா! இது மாமா வலை!"

"கத்தாதடி! ஒரே ஒரு வாரம். கூடை நிறைஞ்சு வந்தா அவன் போக மாட்டான். வெள்ளிக்கிழமை தாண்டட்டும், நானே பிரிச்சுப் போட்டுடறேன். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது."

"மாமாவுக்குத் தெரிஞ்சா?"

"அவர் என்னிக்கு நான் தைச்ச வலையைப் பிரிச்சுப் பார்த்திருக்கார்? அப்படியே தூக்கிட்டுப் போவாரு." சொல்லும்போதே அக்கா குரல் உடைஞ்சு போச்சு. "எனக்கு வேற என்னடி தெரியும்? தைக்கத்தான் தெரியும்."

கடைக்கு வந்து யாருக்கோ கை வைக்க வேண்டிய சட்டையில காலரை ரெண்டு தடவை தைச்சேன்.

மறுநாள் வெயில் ஏறின நேரம் படகு வந்துடுச்சு. எப்பவும் வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி. அக்கா கையைத் துடைச்சுக்கிட்டு வாசலுக்கு ஓடினாங்க, முகம் மலர்ந்து போய். மாமாவும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு கூடையோட வந்தாங்க. ரெண்டும் நிறைய. மாமா தன் கூடையை அக்கா முன்னாடி இறக்கினாரு.

"பாரு."

நானும் பார்த்தேன். விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுங்க. பாரைக் குஞ்சு, சங்கராக் குஞ்சு, கண்ணாடி மாதிரி உள்ளே இருக்கிறது தெரியற இறால் பொடி. வயித்துல முட்டையோட ஒரு நண்டு. நடுவுல என் சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு கடல் குதிரை, வாலைச் சுருட்டிக்கிட்டு. அதை எவன் திங்கப் போறான்? மேலாப்புல இருந்த சிலது இன்னும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கிட்டிருந்துது.

மாப்பிள்ளைதான் பேசினான். "மடி தூக்க முடியல அத்தை. மாமா சிரிச்சாரு. நான் அவர் சிரிச்சுப் பார்த்ததே இல்ல. 'பாத்தியா, திரும்பி வந்துடுச்சு, நாம விட்டது எல்லாம் வளர்ந்து வந்துடுச்சு'ன்னாரு. எவ்வளவு பேசினாரு தெரியுமா! முடிச்சை அவிழ்த்தோம். கொட்டிச்சு பாருங்க... ரெண்டு பேரும் கையால வாரி வாரிக் கடல்ல போட்டோம். பாதி செத்து மிதந்துச்சு. அப்புறம் மாமா மடிக்குள்ள கையை விட்டாரு. தையலைத் தடவிப் பார்த்தாரு. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசல."

அக்கா தையல் எதுன்னு அவருக்குத் தெரியாமலா இருக்கும்? முப்பது வருஷமா அந்த முடிச்சை நம்பிக் கடலுக்குப் போறவரு.

அக்கா தரையில உட்கார்ந்துட்டாங்க. "நான்தாங்க. நான்தான் தைச்சேன். இவன் போகக்கூடாதுன்னு தைச்சேன். கூடை நிறைஞ்சா நின்னுடுவான்னு நினைச்சேன். புத்தி கெட்டுப் போச்சு."

மாப்பிள்ளை முகம் வெளுத்துப் போச்சு. "எனக்காகவா அத்தை?"

மாமா வலையைச் சுருட்டித் தோள்ல போட்டாரு.

"எங்கங்க?"

"சங்கத்துக்கு."

"யாருக்கும் தெரியாதுங்க! நான் இப்பவே பிரிச்சிடறேன். அரை மணி நேரம் குடுங்க."

மாமா திரும்பிப் பார்க்காமலே நடந்தாரு. அக்கா பின்னாடியே ஓடினாங்க. நானும் கடையைப் பூட்டாமலே ஓடினேன்.

சங்கக் கட்டடம்னா பெருசா ஒண்ணும் இல்ல, ஒரு ஹால், உடைஞ்ச ஃபேன், நாலு பெஞ்சு. அதுக்குள்ள பாதிப் படகு வந்து சேர்ந்திருந்தது, ஆம்பளைங்க டீ குடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. மாமா மடியைத் தலைவர் மேஜை மேல போட்டாரு.

"என் வலை. உள்மடி இருக்கு."

தலைவர் நல்ல மனுஷன்தான், ஆனா கொஞ்சம் கனத்த மனுஷன், எழுந்திருக்கவே ரெண்டு முயற்சி வேணும். "நீயா? நீயா வச்ச?"

"நான்தான்."

"பொய்!" அக்கா கத்தினாங்க. "அவருக்கு ஊசி பிடிக்கவே தெரியாது. சட்டைக்குப் பொத்தான் வைக்கச் சொன்னா விரலையும் சேர்த்துத் தைப்பாரு. நான் தைச்சேன், அவருக்குத் தெரியாம."

"அவ சும்மா இருக்கட்டும். படகு என்னுது," மாமா சொன்னாரு.

தலைவர் ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்தாரு. "யார் தைச்சா என்னப்பா, தீர்மானம் தீர்மானம்தான். மூணு மாசம் படகு கரையில." சொல்லும்போது அவர் மேஜையைத்தான் பார்த்தாரு.

பின்பெஞ்சுலேர்ந்து ஒருத்தன் சிரிச்சான். "ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணவரு! இவர் வீட்டு மடியைப் பாருங்கப்பா."

நாலஞ்சு பேர் சேர்ந்து சிரிச்சாங்க. மாமா தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. அக்கா அதைப் பார்த்தாங்க. அவ்வளவுதான், அதுவரைக்கும் அழுதுக்கிட்டிருந்தவங்க முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு நிமிர்ந்தாங்க.

"பதினாலு," அக்கா சொன்னாங்க.

"என்ன பதினாலு?"

"இந்தத் துறையில நான் தைச்ச உள்மடி. இதைச் சேர்க்காம பதினாலு. பேரு சொல்ல மாட்டேன். நம்பிக் குடுத்தீங்க, அது என்னோட போகும். ஆனா இந்த மனுஷனைப் பார்த்துச் சிரிக்கிறவங்க முதல்ல வீட்டுக்குப் போங்க. அவங்கவங்க மடியில கையை விட்டுப் பார்த்துட்டு வந்து சிரிங்க. நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்."

டீ கிளாஸைக் கீழே வைக்கக்கூட ஆள் இல்ல. தலைவருக்கு மட்டும் திடீர்னு இருமல் வந்துச்சு. யாரும் வீட்டுக்குப் போகல, யாரும் சிரிக்கவும் இல்ல.

வீட்டுக்குத் திரும்பி வர்ற வழியில மாமா நின்னாரு.

"பதினாலா?"

"ம்."

"மூணு வருஷமாவா?"

"ம்."

"நான் விட்ட குஞ்சையெல்லாம் பின்னாடி வர்றவன் வாரிக்கிட்டுப் போயிருக்கான். நேரம் நேரம்னு நினைச்சிருக்கேன். நீ தைச்சுக் குடுத்திருக்க."

"திட்டிடுங்க. நல்லா நாலு வார்த்தை கேட்டுடுங்க. இப்படி நிக்காதீங்க."

மாமா கடலைப் பார்த்தாரு. அன்னிக்குக் கடல் தட்டு மாதிரி கிடந்துச்சு, ஒரு பறவை இல்ல. அப்புறம் அக்கா பக்கம் திரும்பி, "காலைலேர்ந்து சாப்பிட்டியா?"ன்னு கேட்டாரு. அதுக்குத்தான் அக்கா நடுத்தெருவுல அழுதாங்க. திட்டியிருந்தா தாங்கியிருப்பாங்க.

மறுநாள் காலையில நான் கடை திறக்க வந்தா, அக்கா கொட்டகை வாசல்ல மூணு வலை கிடக்கு. ஆளைக் காணோம். அக்கா ஒண்ணும் கேட்காம உள்ளே இழுத்துப் போட்டு உள்மடியைப் பிரிக்க ஆரம்பிச்சாங்க. மத்தியானம் தலைவர் சம்சாரம் தலையில ஒரு மூட்டையோட வந்தாங்க. "வலை கொஞ்சம் கிழிஞ்சிருக்குன்னு குடுத்து விட்டாரு."

"எங்க கிழிஞ்சிருக்கு?"ன்னு நான் வேணும்னே கேட்டேன்.

"உள்ளே,"ன்னாங்க அந்தம்மா, என்னை முறைச்சுக்கிட்டே.

வியாழக்கிழமைக்குள்ள ஒன்பது வந்துச்சு. அஞ்சு வரல. பின்பெஞ்சுல சிரிச்சவன் வலை வரவே இல்ல. ஒன்பது படகும் மாமா படகுக்குப் பக்கத்துல கரையில ஏறிச்சு. தலைவர் யாரையும் ஏறச் சொல்லல, அவர் படகு ஏறினதும் மத்தது தானா ஏறிச்சு. கடல் இதுக்கெல்லாம் உடனே மனசு இரங்கிடுமான்னு எனக்குத் தெரியாது. மூணு மாசத்துல எந்தக் குஞ்சு என்ன வளரும்னு நான் கண்டேனா.

நல்லாத் தைச்சதைப் பிரிக்கிறது இருக்கே, அது தைக்கிறதை விடக் கஷ்டம். எனக்குத் தெரியும். மாப்பிள்ளை ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அக்காவோட நாள் பூரா பிரிச்சான். விரல் நுனி எல்லாம் ரத்தம். பயணப் பையும் கொட்டகையிலேயே ஒரு ஆணியில தொங்கிச்சு. ரெண்டு பேரும் அதைப் பார்க்காத மாதிரி வேலை பார்த்தாங்க. வியாழக்கிழமை சாயங்காலம் அவன்தான் முதல்ல வாயைத் திறந்தான்.

"அத்தை, நீங்க வேண்டாம்னு சொன்னா போகல."

பிரிக்கிற சத்தம் நின்னுச்சு. இந்த வார்த்தைக்காகத்தானே இவ்வளவும். நான் தடுப்புல காதை வச்சுக்கிட்டு மூச்சு விடாம நின்னேன். சொல்லுங்க அக்கா, வேண்டாம்னு சொல்லுங்கன்னு என் மனசு அடிச்சுக்குது.

"இங்க இருந்து என்னடா பண்ணுவ? படகையும் நான் கரையில ஏத்தி வச்சுட்டேன்."

"ஏதாவது பண்ணுவேன்."

"உன்னைப் பிடிச்சு வச்சுக்கணும்னு நான் தைச்சேன். அதுல என்ன மாட்டிச்சுன்னு பார்த்த இல்ல? அந்தக் கூடை என் கண்ணை விட்டுப் போகல. போதும்டா. நீ போயிட்டு வா."

மூக்கை உறிஞ்சுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. யாரோடதுன்னு தெரியல, ரெண்டு பேரோடதுமா இருக்கும்.

அப்ப மாமா உள்ளே வந்தாரு. "கப்பல் வேண்டாம்,"ன்னாரு.

"ஏன் மாமா?"

"அதோட மடியில நம்ம துறையே உட்காரும். இங்க பிரிச்சுட்டு அங்க போய் இழுப்பியா?" மூச்சு வாங்கிக்கிட்டாரு, இவ்வளவு பேசினதுக்கு. "கட்டட வேலைன்னாலும் பரவாயில்ல."

"நானும் அதேதான் யோசிச்சேன் மாமா. கூட்டாளிகிட்ட கப்பல் வேண்டாம்னு சொல்லிட்டேன். நகரத்துல பாலம் கட்டுறாங்களாம், கம்பி கட்டுற வேலை. முடிச்சுப் போடத் தெரிஞ்சா போதுமாம்." அப்புறம் அக்காகிட்ட சொன்னான். "அங்கேர்ந்து ஒரு நாள் பயணம்தான் அத்தை. பிள்ளை பிறக்கிறதுக்கு முன்னாடி வந்துடுவேன்."

வெள்ளிக்கிழமை காலையில லேசா தூறல். பஸ் நிறுத்தம் தெரு முனையிலதான். மாமா பையைத் தூக்கிக்கிட்டு முன்னாடி நடந்தாரு. மகள் வாசல்ல நின்னா, வயித்து மேல கையை வச்சுக்கிட்டு. மாப்பிள்ளை அவகிட்ட என்னமோ சொன்னான், அவ தலையாட்டிச் சிரிச்சா. சமத்து. அக்கா கொட்டகைக்குள்ளேயே இருந்தாங்க. அவன் போய் முன்னாடி நின்னான். அக்கா அவன் சட்டைக் காலரைச் சரி பண்ணினாங்க. சரியாத்தான் இருந்துச்சு, நான் தைச்ச காலர். மறுபடியும் சரி பண்ணினாங்க. கடைசியில நான்தான், "பஸ்காரன் உங்க மாமனார் இல்ல, காத்துக்கிட்டிருக்க மாட்டான்"னு விரட்டினேன்.

பஸ் திரும்பிப் போனதும் அக்கா அழ ஆரம்பிச்சாங்க. சாதாரண அழுகை இல்ல. வலைக் குவியல்ல முகத்தைப் புதைச்சுக்கிட்டு, தோள் குலுங்கக் குலுங்க. தண்ணி குடுத்தேன், குடிக்கல. முதுகைத் தடவினேன், நிக்கல. மகள் மெல்ல வந்து, கஷ்டப்பட்டுக் கீழே உட்கார்ந்து, அம்மா தலையை எடுத்துத் தன் தோள்ல சாச்சுக்கிட்டா. அவளுக்கும் கண்ணு நிறைஞ்சுதான் இருந்துச்சு.

"ஏம்மா, இப்படி அழுறியே. புருஷன் ஊருக்குப் போயிருக்கிறது எனக்கா, உனக்கா?"

அக்கா முந்தானையில மூக்கைத் துடைச்சுக்கிட்டாங்க.

"எனக்குப் பிள்ளை போயிருக்கான்டி."